மடங்காத மூட்டு

ஒரு மூட்டு தனக்கு உரிய முழு வீச்சுக்கு மடங்கவோ நீளவோ சுழலவோ மறுப்பதை மூட்டு இறுக்கம் என்கிறார்கள். கூடவே வலி இருக்கலாம். சில சமயம் வலியே இராது. 140 பாகை மடங்க வேண்டிய முழங்கை 90 பாகையோடு நின்றுவிடும், அவ்வளவுதான். தட்டில் எடுத்த கவளம் வாய்க்கு எட்டாமல் நடுவழியில் நிற்கும்.

வானூர், திண்டிவனம் பக்கத்தில் இந்தக் குறையைச் சொல்ல வருகிறவர்கள் ‘பிடிச்சிக்கிச்சு’ என்பார்கள், ‘பூட்டிக்கிச்சு’ என்பார்கள், ‘தூக்க வரல’ என்பார்கள், ‘மடக்க வரல’ என்பார்கள். மருத்துவருக்கு நாலும் நாலு வேறு விஷயங்கள். பிடித்துக்கொள்வது பெரும்பாலும் தசை. வலிக்குப் பயந்து தசை தானே இறுகி மூட்டைக் காவல் காக்கிறது. மயக்க மருந்து கொடுத்தால் அந்த இறுக்கம் கரைந்துபோகும். பூட்டிக்கொள்வது முழங்காலில் வரும். கிழிந்த குருத்தெலும்பு வட்டின் துணுக்கு கதவிடுக்கில் சிக்கிய துணிபோல மாட்டிக்கொள்ள, கால் பாதியில் நிற்கும். கொஞ்சம் ஆட்டினால் சட்டென்று விடுபடும். தூக்க வராமல் போனதற்கு நரம்பு செயலிழந்ததோ தசைநாண் அறுந்ததோ காரணமாக இருக்கலாம். அப்போது நோயாளியால் தூக்க முடியாத கையை மருத்துவர் தூக்கினால் தடையில்லாமல் மேலே போகும். இந்த மூன்றையும் கழித்தபின் மிஞ்சுவதுதான் உண்மையான இறுக்கம்: தானாகவும் மடங்காது, பிறர் மடக்கினாலும் மடங்காது.

மடக்கிக்கொண்டே போகும்போது தடை எப்படி வந்து நிற்கிறது என்பதைப் பழகிய கை உணரும். ரப்பரை இழுத்ததுபோலக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நின்றால் காரணம் தசையில் அல்லது மூட்டு உறையில் இருக்கிறது. கட்டையில் இடித்ததுபோல நின்றால் எலும்பு குறுக்கே நிற்கிறது. அசைவே இல்லையென்றால் இரண்டு எலும்புகளும் ஒட்டிப்போயிருக்கலாம். நார்த்திசுவால் ஒட்டிய மூட்டை அழுத்தினால் இம்மியளவு அசைவும் கொஞ்சம் வலியும் இருக்கும். எலும்பாலேயே ஒட்டிய மூட்டில் இரண்டும் இருக்காது. காசநோய் அரித்த இடுப்பு மூட்டு பெரும்பாலும் முதல் வகையில் முடியும், சீழ் பிடித்து அழிந்த மூட்டு இரண்டாம் வகையில். வலி நின்றுவிட்டது என்று வீட்டார் மகிழும் நாளில் மூட்டு இல்லாமலே போயிருக்கும்.

ஓய்வு செய்யும் வேலை

மூட்டைச் சுற்றியுள்ள உறை சேலைக் கொசுவம்போல மடிப்பு மடிப்பாக அமைந்திருக்கிறது. கால் நீண்டிருக்கும்போது முழங்கால் சில்லுக்கு மேலே ஒரு மடிப்பு தளர்ந்து கிடக்கும். மடக்கும்போது அது விரிந்து இடம் கொடுக்கும். கை தொங்கும்போது அக்குள் பக்கத்தில் அதேபோல ஒரு மடிப்பு. அடிபட்டு மூட்டுக்குள் இரத்தம் கசிந்தாலோ அழற்சி வந்தாலோ இந்த மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். அசைவு இருந்தால் ஒட்டிய இடம் அன்றாடம் பிரிந்துகொண்டே இருக்கும். அசைவில்லாமல் சில வாரம் போனால் கொசுவத்தை ஊசி நூலால் தைத்தது மாதிரி ஆகிவிடும்.

அடியே படாத மூட்டைக்கூட வெறும் ஓய்வு இறுக்கிவிடும் என்பது சோதனையில் உறுதியான செய்தி. அமெரிக்காவில் வெய்ன் ஏக்சன் என்ற எலும்பு மருத்துவரும் அவர் குழுவினரும் முயல்களின் நல்ல முழங்காலை 9 வாரம் அசையாமல் கட்டிவைத்துப் பார்த்தார்கள். உறையில் உள்ள கொலாஜன் இழைகளுக்கு நடுவே நீரைப் பிடித்துவைக்கும் சேர்மங்கள் குறைந்திருந்தன. நீர் குறைந்ததும் இழைகள் நெருங்கி, குறுக்கிடும் இடங்களில் புதுப் பிணைப்புகள் உண்டாகியிருந்தன. கஞ்சி போட்ட வேட்டி ஏன் விறைக்கிறது என்று யோசித்தால் இது விளங்கும். நூல் அதே நூல்தான்; நூலும் நூலும் வழுக்கிப் போக இடமில்லை.

தசையும் சும்மா இருப்பதில்லை. பிரான்சில் 1972-இல் வெளியான ஓர் ஆய்வில், பூனையின் கெண்டைக்கால் தசையைச் சுருங்கிய நிலையில் மாவுக்கட்டுக்குள் வைத்தபோது, தசையிழையில் வரிசையாகக் கோத்திருக்கும் சுருங்கும் அலகுகளில் 40 விழுக்காடு குறைந்துபோயின. தசை தனக்குக் கொடுத்த நீளத்துக்கு ஏற்பத் தன்னை வெட்டித் தைத்துக்கொண்டது என்று பொருள். குருத்தெலும்பின் கதை வேறு. அதற்கு இரத்தக் குழாய் கிடையாது. நடையின் அழுத்தத்தில் பஞ்சுபோலப் பிழிபட்டு, விடும்போது மூட்டுத் திரவத்தை உறிஞ்சித்தான் அது பிழைக்கிறது. நடை நின்றால் அதற்குப் பட்டினி.

எலும்பு முறிவு மருத்துவத்தின் பழைய சங்கடம் இங்கேதான் இருக்கிறது. அசைத்தால் எலும்பு ஒட்டாது. அசைக்காவிட்டால் ஒட்டக்கூடாததெல்லாம் ஒட்டிக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டில் லிவர்பூல் நகரத்து ஹியூ ஓவன் தாமஸ் நீண்ட, இடைவிடாத ஓய்வே மருந்து என்று வாதாடினார். பாரிசில் லூக்கா-ஷாம்பியோனியேர் முறிந்த கையையும் சீக்கிரம் அசைக்க வேண்டும் என்றார். தாமஸ் பரம்பரை எலும்பு கட்டும் வைத்தியர் வீட்டுப் பிள்ளை என்பதை நம் ஊர்க்காரர்கள் ரசிப்பார்கள். வழக்கு முடிய நாளாயிற்று. 1958-இல் சுவிஸ் அறுவை மருத்துவர்கள் சிலர் ஒன்றுகூடி, தகடும் திருகாணியும் வைத்து எலும்பை நிறுத்திவிட்டால் மூட்டை மறுநாளே அசைக்கலாம் என்ற வழியை ஒழுங்குபடுத்தினார்கள். எலும்பு கூடியபின்பும் வீக்கம், மெலிவு, இறுக்கம் என்று மிஞ்சி நின்றதை அவர்கள் ‘முறிவு நோய்’ என்றே அழைத்தார்கள். டொராண்டோவில் ராபர்ட் சால்டர் 1970-இலிருந்து முயல் முழங்காலை இயந்திரத்தில் வைத்து ஓயாமல் மெதுவாக மடக்கி நீட்டி, குருத்தெலும்புக் காயம் ஓய்வைவிட அசைவில் நன்றாக ஆறுவதைக் காட்டினார். இன்று பெரிய மருத்துவமனைகளில் கட்டிலோரம் தானே காலை மடக்கிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் மூதாதை அதுதான்.

முழங்கையும் எண்ணெய்க் கையும்

மூட்டுகளில் சீக்கிரம் கோபித்துக்கொள்வது முழங்கை. வானூர் வட்டத்தில் திருவக்கரைப் பக்கம் கல்குவாரிகள், கிழக்கே கிழக்குக் கடற்கரைச் சாலை, நடுவே திண்டிவனம்–புதுச்சேரி சாலை. குவாரிச் சரிவில் வழுக்கியோ வண்டியிலிருந்தோ ஒருவர் கையூன்றி விழுந்து முழங்கை விலகுகிறது என்று வைத்துக்கொள்வோம். பலர் முதலில் போவது புத்தூர் கட்டுக்குத்தான். ஆந்திரத்துப் புத்தூரில் ஒரு குடும்பம் தொடங்கிய அந்தக் கட்டு, இன்று தமிழ்நாட்டு ஊர்களெங்கும் பலகையில் தொங்கும் பொதுப் பெயராகிவிட்டது. மூங்கில் பத்தை, பச்சிலைப் பற்று, முட்டை வெள்ளை, துணி. விலகாத சின்ன முறிவுக்கு இந்தக் கட்டும் போதும், எலும்பு கூடிவிடும். அதனால்தான் அதற்கு இத்தனை நம்பிக்கை. தொல்லை இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, கட்டு இறுகி, உள்ளே வீங்கும் தசைக்கு இரத்தம் போகாமல் அது செத்து நாராகச் சுருங்குவது. 1881-இல் ஜெர்மன் மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் விவரித்த இந்தச் சுருக்கத்தில் மணிக்கட்டு மடிந்து, விரல்கள் உள்ளே வளைந்து நின்றுவிடும். கட்டியபின் விரல் நுனி மரத்துப்போய், நீட்டிவிட்டால் உயிர் போகிற வலி என்றால் அந்த நிமிடமே கட்டை அவிழ்க்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் கை போய்விடும். மாவுக்கட்டுக்கும் இதே விதிதான்.

இரண்டாவது தொல்லை, கட்டு பிரித்தபின் நீவுவது. இறுகிய முழங்கையை எண்ணெய் விட்டு உருவி, வலிக்க வலிக்க மடக்கினால் சரியாகிவிடும் என்பது எவருக்கும் தோன்றுவதுதான். முழங்கை நேர்மாறாக நடந்துகொள்கிறது. மேற்கை முன்தசையில் கிழிந்து இரத்தம் கட்டிய இடத்தில், நீவ நீவ, எலும்பு முளைக்கத் தொடங்கும். ‘சதை கல்லாயிடுச்சு’ என்பார்கள். அருகிலேயே திருவக்கரைக் கல்மரப் பூங்கா இருப்பதால் அந்தச் சொல் சட்டென்று பொருந்துவதுபோலத் தெரியும், ஆனால் நடப்பது தலைகீழ். கல்மரத்தில் மரம் செத்து, அதன் இடத்தைச் சிலிக்கா நிரப்பி, உருவம் மட்டும் நிற்கிறது. முழங்கையில் முளைப்பதோ உயிருள்ள எலும்பு. அதற்கு இரத்த ஓட்டம் உண்டு, உள்ளே மஜ்ஜைகூட உண்டு. எக்ஸ்ரேயில் முதலில் புகைபோலத் தெரிந்து, சில மாதத்தில் ஓரம் தெளிந்து முற்றும். அதுவரை கத்தி வைத்தால் மறுபடி முளைக்கும் என்பதால் காத்திருந்து எடுப்பார்கள். இண்டோமெத்தசின் மாத்திரையோ ஒருமுறை கதிர்வீச்சோ கொடுத்துத் திரும்ப வராமல் பார்ப்பார்கள். அடிபட்ட முழங்கையை அதன் சொந்தக்காரர் மட்டுமே, தன் சொந்த பலத்தில், வலி தொடும் எல்லை வரை அசைக்கலாம். வேறு கை அதில் படக்கூடாது.

2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிவைத்த ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்க வழி செய்தது. உயிரும் எலும்பும் அந்த நேரத்தில் காப்பாற்றப்படுகின்றன. மூட்டு இறுகுவது அதற்கடுத்த ஆறு வாரங்களில், வீட்டுத் திண்ணையில். அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டது இந்த இடைவெளிக்குச் சரியான மருந்து. ஆனால் அது நீண்டநாள் நோயாளிகளை மனதில் வைத்து வகுத்தது.

வேலூர் விரல்கள்

இறுகிய மூட்டை இளக்கும் கலையில் உலகம் பின்பற்றிய ஒரு பாடம் வடஆற்காட்டில் எழுதப்பட்டது. பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் படித்து 1946-இல் வேலூர் சிஎம்சி-க்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தைத் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் சுற்றிக் காட்டியபோது, மடங்கிச் சுருண்ட ஒரு கையைப் பிடித்துப் பார்த்தவருக்கு வியப்பு. அந்தக் கையின் பிடி இரும்புப் பிடியாக இருந்தது. தொழுநோய் முழங்கையருகே உள்ள நரம்பை அழித்ததால் உள்ளங்கையின் சிறுதசைகள் செத்திருந்தன. முன்கைத் தசைகள் நன்றாகவே இருந்தன. நல்ல தசையொன்றின் நாணை இடம் மாற்றி, இழந்த வேலையை அதற்குக் கொடுக்கலாம் என்று 1948-இலிருந்து அறுவை செய்யத் தொடங்கினார்.

தடையாக வந்தது இறுக்கம். பல ஆண்டு மடங்கியே இருந்த விரலின் நடுமூட்டில் உள்ளங்கைப் பக்கத் தோலும் உறையும் சுருங்கிப்போயிருந்தன. எவ்வளவு நல்ல நாணைக் கொண்டுவந்து கட்டினாலும் துருப்பிடித்த கீலை அது இழுக்காது. பலமாக நீட்டினால் உள்ளே கிழியும். கிழிந்த இடம் வீங்கித் தழும்பாகி முன்னைவிட இறுகும். உணர்ச்சியற்ற விரல் என்பதால் வலியென்ற எச்சரிக்கையும் இல்லை.

வேலூரில் கையாண்ட வழி பார்ப்பதற்கு மிக எளியது. விரலை வெந்நீரிலோ மெழுகிலோ இளக்கி, எண்ணெய் தடவி, அது தானாக எவ்வளவு நீளுமோ அவ்வளவுக்கு மட்டும் நீட்டி, மெல்லிய மாவுக்கட்டை மோதிரக் குழாய்போல விரலோடு ஒட்டச் சுற்றுவது. இரண்டு மூன்று நாள் கழித்துக் கட்டை நீக்கினால் விரல் சில பாகை கூடுதலாக நீளும். கோணத்தைக் குறித்துக்கொண்டு, புது நிலையில் மறுபடி கட்டு. வாரக்கணக்கில் இப்படியே. இறுக்கத்துக்குக் காரணம் என்று குற்றம் சாட்டப்பட்ட அதே மாவுக்கட்டு இங்கே அதை அவிழ்க்கும் கருவியாகிறது.

இதில் நடப்பது இழுபடுதல் இல்லை, வளர்ச்சி என்பது பிராண்டின் விளக்கம். உயிருள்ள திசுவை ரப்பர்போல நீட்ட முடியாது. லேசான இழுவையை விடாமல் வைத்திருந்தால் திசு புதிய உயிரணுக்களை உண்டாக்கி நீளத்தைக் கூட்டிக்கொள்ளும். தென்மாவட்டப் பாட்டிகளின் காதில் ஆடிய பாம்படத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஒரே நாளில் அந்தக் கனத்தை மாட்டியிருந்தால் காது அறுந்திருக்கும். சிறுகச் சிறுகக் கூட்டியதால் தோள் வரை வளர்ந்தது.

விரல் இளகிய பின்தான் நாண் மாற்று அறுவை. 1950களின் தொடக்கத்தில் உருவான ‘நவ ஜீவ நிலையம்’, இந்தக் கைகளுக்குத் தச்சு முதலிய தொழில்களைப் பழக்கியது. 1985-இல் பிராண்ட் எழுதிய, கையின் இயக்கவியல் பற்றிய நூல் இன்றும் கைச் சிகிச்சையாளர்களின் பாடம். தீக்காயத்தில் சுருங்கிய விரலுக்கும் வாதத்தில் மடங்கிய விரலுக்கும் பல நாடுகளில் இதே தொடர் மாவுக்கட்டைப் போடுகிறார்கள்.

கும்பிட முடியாத கை

எந்த அடியும் படாமல் இறுகும் மூட்டு தோள். பிரெஞ்சு மருத்துவர் துப்ளே 1872-இல் விவரித்ததை, பாஸ்டன் மருத்துவர் காட்மன் 1934-இல் ‘உறைந்த தோள்’ என்றார். சித்த மருத்துவர்கள் இதைக் கும்பவாதம் என்ற தலைப்பில் பார்க்கிறார்கள். 40 முதல் 60 வயதுக்குள், பெண்களுக்குச் சற்று அதிகமாக வரும். முதலில் இராத்தூக்கத்தைக் கெடுக்கும் வலி, பிறகு வலி குறைந்து இறுக்கம், கடைசியில் மெதுவாக இளக்கம்; மொத்தமும் ஒன்றிரண்டு ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேல். பேருந்துக் கம்பியைப் பிடிக்க முடியாது, தலை வார முடியாது, முதுகுப் பக்கம் கை போகாது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். அதனால் ‘ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். உள்ளே உறை தடித்துச் சுருங்கி, 20 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கொள்ள வேண்டிய மூட்டில் அதில் பாதிகூடக் கொள்ளாது.

சுகர் உள்ளவர்களுக்கு இது பல மடங்கு கூடுதலாக வருகிறது. 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்குத் தனிப் பிரிவு தொடங்கியபோது அரிதாகத் தோன்றிய நோய், 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேரிடம் இருக்கிறது. இரத்தத்தில் மிகுந்த குளுக்கோஸ் கொலாஜன் இழைகளில் ஒட்டி, இழைகளுக்கு நடுவே பிணைப்புப் போடுகிறது. முயலில் 9 வார ஓய்வு போட்ட கஞ்சியை இங்கே சர்க்கரை போடுகிறது.

இந்தப் பிணைப்பு விரல்களையும் இறுக்கியிருப்பதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வணக்கம் சொல்வதுபோல இரண்டு கையையும் சேர்க்கச் சொன்னால் போதும். உள்ளங்கையும் விரல்களும் நடுவில் சந்து இல்லாமல் படிய வேண்டும். நீண்டநாள் சுகர் உள்ள சிலருக்கு நுனிகள் தொடும், விரல்களின் நடுப்பகுதி வளைந்து பிரிந்தே நிற்கும். 1970களில் அமெரிக்காவில் நீரிழிவுக் குழந்தைகளிடம் விவரிக்கப்பட்ட அடையாளம் இது. நாள்தோறும் நூறு பேர் வணக்கம் சொல்லும் சர்க்கரை நோய்ப் பிரிவில் அது கவனிக்கப்படாமல் போவதுதான் வேடிக்கை. உறைந்த தோளுக்கு ஸ்டீராய்டு ஊசி ஆரம்ப மாதங்களில் நல்ல பலன் தரும், ஆனால் சில நாள் சர்க்கரை அளவை ஏற்றிவிடும்; போட்டுக்கொள்பவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியது இது.

காலை இறுக்கம்

எழுந்ததும் விரல் மடங்கவில்லை என்றால், எவ்வளவு நேரத்தில் இளகுகிறது என்பதே முதல் கேள்வி. தேய்மானம் என்றால் அரைமணிக்குள் சரியாகும். உட்கார்ந்து எழும்போது முதல் நாலு அடிக்கு மட்டும் மீண்டும் பிடிக்கும். முடக்குவாதம் என்றால் ஒரு மணிக்கு மேல் ஆகும். இரவெல்லாம் அசையாமல் கிடந்த, அழற்சியுள்ள மூட்டில் திரவம் தேங்குவதால் வருவது அது. இளைஞர் ஒருவருக்கு விடியற்காலை இடுப்பும் முதுகும் விறைத்து, ஓய்வில் கூடி, நடந்தால் குறைந்தால், முதுகெலும்பை ஒட்டவைக்கும் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். முற்றிய நிலையில் எக்ஸ்ரே கணுக்கணுவாகத் தெரிவதால் மருத்துவர்களே அதை ‘மூங்கில் முதுகு’ என்கிறார்கள்.

சிக்குன்குனியாவையும் இங்கே சேர்க்க வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்க மகோண்டே மொழியில் அந்தப் பெயருக்கே வளைந்து மடங்கிப்போவது என்று பொருள். 1964-இல் சென்னையிலும் வேலூரிலும் பரவி, மறைந்து, 2006-இல் தமிழ்நாடெங்கும் திரும்பி வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது. கணுக்காலும் மணிக்கட்டும் பலருக்கு மாதக்கணக்கில் இளகவில்லை.

எத்தனை பாகை போதும்

சமதளத்தில் நடக்க முழங்கால் சுமார் 65 பாகை மடங்கினால் போதும். படி ஏற 85-லிருந்து 100, நாற்காலியிலிருந்து எழ ஏறக்குறைய அதே அளவு. மேலைநாட்டுப் பாடநூல்கள் 110 பாகையை நல்ல முடிவு என்று எழுதுவது இதனால்தான். சம்மணம் போடவும், குத்தவைத்து உட்காரவும், வரப்பில் குந்திக் களை பறிக்கவும் 130-க்கு மேல் வேண்டும். 110 பாகையோடு வீடு திரும்பும் வானூர் விவசாயத் தொழிலாளியின் சீட்டில் ‘நலம்’ என்று இருக்கும், அவரால் கொல்லைக்குப் போக முடியாது. எத்தனையோ வீடுகளில் இருபுறம் கைப்பிடி வைத்த மேற்கத்திய கழிப்பறைதான், எந்த மாத்திரையையும்விட, இறுகிய முழங்காலுக்கு உதவிய சிகிச்சை.

சிகிச்சையின் வரிசை பெரிதாக மாறவில்லை. ஒத்தடம், பிறகு மெதுவான நீட்டல், பிறகு மாட்டிக்கொண்டு தூங்கக்கூடிய பத்தை. பத்து நிமிட முரட்டு மடக்கலைவிட ஆறு மணி நேர லேசான இழுவை மேல் என்பதை வேலூர் விரல்கள் காட்டிவிட்டன. சில வாரங்களே ஆன இறுக்கத்தை மயக்க மருந்து கொடுத்து மடக்கிப் பிரிக்கலாம். நாள்பட்டதை அப்படிச் செய்தால் ஒட்டு பிரியாமல் எலும்பு முறியும். அடுத்து நுண்துளை வழியாக ஒட்டுகளை அறுப்பது. தொடையெலும்பு முறிந்து முன்தொடைத் தசை எலும்போடு ஒட்டிக்கொண்டால், 1944-இல் தாம்சனும் 1959-இல் ஜூதேயும் வகுத்த முறைகளில் தசையைப் பிரித்து இறக்குவார்கள். கடைசிக் கட்டம் செயற்கை மூட்டு.

அதற்கும் இடமில்லாதபோது மருத்துவர்களே மூட்டை நிரந்தரமாக ஒட்டவைத்துவிடுவது உண்டு. வலிக்கும் அரைகுறை அசைவைவிட வலியற்ற அசைவின்மை உழைப்பாளிக்கு உதவும். அப்போது எந்தக் கோணத்தில் ஒட்டுவது என்பதே முழுக் கேள்வி. மணிக்கட்டு என்றால் சற்றே மேல் வளைந்த நிலை, பிடி அதில்தான் பலக்கும். முழங்கால் என்றால் சில பாகை மடக்கம், கால் தரையில் இடறாமலிருக்க. ஒரு முழங்கை என்றால் 90 பாகை. இரண்டு முழங்கையும் போனவருக்கு இரண்டையும் ஒரே கோணத்தில் வைக்கக்கூடாது. ஒரு கை 110 பாகை, தலையைக் கொஞ்சம் குனித்தால் வாய்க்கு எட்டும். மற்றது 65 பாகை, கழுவிக்கொள்ள. எந்தக் கை எதற்கு என்று நம் ஊர் நோயாளியிடம் கேட்கவே வேண்டியதில்லை.